மரியாதைக்கு ஒரு காலி வரி

மத்தியப் படிவ வாரியம் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாதவரை நீங்கள் கொடுத்துவைத்தவர். நாட்டில் மற்ற அலுவலகங்கள் நம் முன்னால் நீட்டுகிற படிவங்களில் எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எந்தக் கட்டம் வரவேண்டும் என்று முடிவு செய்வதுதான் அதன் வேலை. கொல்கத்தாவில், டல்ஹௌசி பக்கம், லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. 'தந்தை பெயர்' முதலில் வருவதா, 'பாலினம்' முதலில் வருவதா என்று ஒன்பது ஆண்டு யோசித்து, இன்னும் யோசிக்கலாம் என்று பரிந்துரைத்த பெருமை அதற்கு உண்டு.

அங்கே நான்காம் பிரிவில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சேஷாத்ரி. வயது ஐம்பத்தெட்டு. தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். டாக்குரியாவில் வீடு, சியால்தாவுக்கு லோக்கல் ரயில், அங்கிருந்து பஸ். ஆளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருஷமாக மனுஷர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரசாங்க வங்கியில் வேலை பார்க்கும் மனைவி கோமதிக்குப் பதவி உயர்வு கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். போன தீபாவளிக்கு அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கைக்குப் பிடி வரவில்லை.

"குக்கர் மூடியைத் திறக்க முடியலைன்னா. தினம் ராத்திரி குக்கரைத் தூக்கிண்டு கீழே போய் வாட்ச்மேனைத் திறக்கச் சொல்றேன். அவர் திறந்துட்டு உள்ளே என்னன்னு எட்டிப் பார்க்கறார். வெக்கமா இருக்கு" என்றாள் போனில்.

கணவனும் மனைவியும் அரசாங்க வேலையில் இருந்தால் ஒரே ஊரில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. சேஷாத்ரி மனுக் கொடுத்தார். ஊழியர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே, கடைசிப் பத்தியான 'குறிப்பு' என்பதில், 'சென்னைக்குப் போக விரும்புகிறார்' என்று ஏறியது. வருஷக் கடைசியில் இடமாற்றப் பிரிவு அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் ஆணை போடும். இன்னும் மூன்று மாதம். நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கம்ப்யூட்டர் ஷீட்தான். ஒன்பது பத்திகள்: பெயர், பதவி, பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு பெறும் தேதி, சொந்த ஊர், இரத்த வகை, கண்காணிப்புப் பிரிவின் கருத்து, குறிப்பு. தலைப்பெல்லாம் ஆங்கிலத்தில். மேலே ஏழு அதிகாரிகள். கீழே இருநூற்றுப் பதினான்கு ஊழியர்கள். நடுவில் ஒரு வரி காலி. தோல் அட்டை போட்ட பேரேட்டில் எழுதிய காலத்திலேயே, அதிகாரி பெயருக்கு அடியில் குமாஸ்தா பெயர் உரசக்கூடாது என்று சுற்றறிக்கை போட்டு விடப்பட்ட இடைவெளி அது. மரியாதை வரி என்று பெயர். பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, எல்லோருக்கும் முன்னால் கம்ப்யூட்டருக்குள் போனது அந்தக் காலி வரிதான். ஒரு டைப்பிஸ்ட் தெரியாத்தனமாக அதை அழித்துவிட்டு, பதினாலு மாதம் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

வந்தது வினை. தலைமை இயக்குநர் பட்டாச்சார்யா டெல்லியில் ஒரு கூட்டத்துக்குப் போனார். அங்கே யாரோ பெரிய மனிதர், "உங்கள் ஆட்களில் ஏபி நெகட்டிவ் எத்தனை பேர்?" என்று கேட்டுவைத்தார். பட்டாச்சார்யா இரத்த வகையை முதல் பத்தியில் தேடினார், இரண்டாவதில் தேடினார். ஏழாவதுக்கு வருவதற்குள் தேநீர் இடைவேளை விட்டுவிட்டார்கள். அவமானம் தாங்காமல் ஊர் திரும்பியவர், தலைப்புகளை ஆங்கில அகர வரிசைப்படி மாற்றி அடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். வேலை சேஷாத்ரியிடம் வந்தது.

அவர் தலைப்பு வரியில் ஒரு கட்டத்தைத் தொட்டு, 'இடமிருந்து வலமாக வரிசைப்படுத்து' என்பதைத் தேர்ந்து, ஒரு தட்டுத் தட்டினார். நான்கு நொடி. இரத்த வகை முன்னால் ஓடிவந்தது. பெயர் ஏழாவது இடத்துக்குப் போய் ஒண்டிக்கொண்டது.

சேஷாத்ரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாரியத்தில் நான்கு நொடியில் முடிகிற வேலை என்று ஒன்று கிடையாது. முடிந்தால் அதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஐந்து நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை களைத்துப்போனவர் மாதிரி ஒப்படைத்தார். ஏழு அதிகாரிகளும் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அவர்கள் பார்த்தது மேலே ஏழு வரி. காலி வரியைத் தாண்டிக் கீழே பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

கம்ப்யூட்டருக்கும் இல்லை. அதுதான் வேடிக்கை. நடுவில் ஒரு வரி காலியாக இருந்தால், பட்டியல் அதோடு முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். தலைப்புகளையும் ஏழு அதிகாரிகளையும் அழகாக இடம் மாற்றிவிட்டு, இருநூற்றுப் பதினான்கு பேரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டது. மேலே தலைப்பு மாறிவிட்டது, கீழே சரக்கு மாறவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புது அடையாள அட்டைகள் வந்தன. சேஷாத்ரி தன்னுடையதைப் படித்தார். பெயர்: ஓ பாசிட்டிவ். இரத்த வகை: சேஷாத்ரி. பதவி: அவர் ஓய்வு பெறவேண்டிய தேதி. படம் ஒட்டும் இடம் வழக்கம்போல் காலி. படம் பிறகு ஒட்டப்படும் என்று வாரியம் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மேஜை சந்தீப் ஓடிவந்தார். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது, ஜாதவ்பூர்க்காரர், ஹவுரா பாலத்தைத் தாண்டுவதென்றால் பூரி ஜகந்நாதருக்காக மட்டும்தான். இருவரும் வங்காள மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"ஆரே பாபா, என் பேரும் ஓ பாசிட்டிவ்! நான் பொறந்த அன்னிக்கே வேலைல சேர்ந்துட்டேனாம். சேர்ந்த அன்னிக்கே ரிட்டயர் ஆயிட்டேனாம். நடுவுல முப்பத்தஞ்சு வருஷம் இங்க வந்து உக்காந்திருந்தது யாரு?"

சேஷாத்ரிக்குப் பளிச்சென்று புரிந்தது. ஷீட்டைத் திறந்து தன் வரியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். 'சென்னைக்குப் போக விரும்புகிறார்' என்ற வாசகம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்கு மேலே 'குறிப்பு' என்ற தலைப்பு இல்லை. 'கண்காணிப்புப் பிரிவின் கருத்து' என்று இருந்தது.

அன்றைக்கே மனு எழுதினார்: கீழ்ப்பகுதியையும் ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டால் போதும், நான்கு நொடி வேலை, அனுமதி வேண்டும். பத்தாம் நாள் பதில் வந்தது. 'சேஷாத்ரி என்ற பெயரில் வாரியத்தில் ஊழியர் எவரும் இல்லை. பதிவுகளின்படி அது ஓர் இரத்த வகை. இரத்த வகைகள் நேரடியாக மனுச் செய்ய விதிகளில் இடமில்லை.'

கூடவே இன்னொரு கடிதம், கண்காணிப்புப் பிரிவிலிருந்து. விசாரணைக்கு ஆஜராக வேண்டுமாம்.

கண்காணிப்பு அதிகாரி வெங்கடநாராயணன் தமிழர். அந்த ஒரு நம்பிக்கையில் சேஷாத்ரி உள்ளே போனார். அறையில் மேஜைமேல் கோப்பு, கோப்புக்குமேல் அதிகாரியின் வழுக்கை. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"உக்காருங்க, ஓ பாசிட்டிவ். நான் முகம் பார்க்கமாட்டேன், தப்பா நினைக்காதீங்க. முகத்தைப் பார்த்தா இரக்கம் வந்துரும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. அப்புறம், நீங்க தமிழ் பேசறவர். தமிழாளுன்னு விட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது. அதனால உங்களை மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமாவே சந்தேகப்படறேன்."

"சார், என் பேர் சேஷாத்ரி..."

"அதைத்தான் கேக்கறேன். இருநூத்துப் பதினாலு பேர். மொத்தமே எட்டுப் பேருதான் வச்சிருக்கீங்க! ஓ பாசிட்டிவ்னு மட்டும் எழுபத்தோரு பேர். எந்தக் கும்பல்யா ஒரே பேரை எழுபத்தோரு ஆளுக்கு வைக்கும்? எதை மறைக்கறதுக்கு?"

"அது இரத்த வகை சார். தலைப்புதான் மாறிப்போச்சு. நடுவில ஒரு வரி காலியா இருக்கில்லையா, அதனால..."

பேனா நின்றது. "மரியாதை வரியைக் குத்தம் சொல்றீங்களா?"

"இல்லை சார்! வரி நல்ல வரிதான். ஆனா கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டர் மேல பழி போடறார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சரி. உங்களைப் பத்தி எங்க பிரிவோட கருத்து என்ன போட்டிருக்கு பாருங்க. 'சென்னைக்குப் போக விரும்புகிறார்.' ஏன்?"

"சம்சாரம் அங்க இருக்கா சார். கை உடைஞ்சு குக்கரைக்கூடத் திறக்க முடியலை."

"குக்கர்ல என்ன இருக்கு?"

"சாதம் சார்."

"சாதம்னு சொல்றார்" என்று எழுதினார் வெங்கடநாராயணன். "சரி பண்ணிடறேன்னு சொல்றீங்க. குத்தம் சாட்டப்பட்டவர் பதிவைத் தொடக்கூடாது. வேற யாராவது தொட்டா ஆதாரம் கலைஞ்சுரும். விசாரணை முடியறவரைக்கும் பட்டியல் அப்படியேதான் இருக்கும். பட்டியல் அப்படி இருக்கறவரைக்கும் விசாரணை முடியாது. நீங்க போகலாம். சென்னைக்கு இல்லை, உங்க ஸீட்டுக்கு."

அன்று முதல் நான்காம் பிரிவின் வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்தார். ஓ பாசிட்டிவ் சென்னைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. போதாக்குறைக்கு, சந்தீப்பின் கட்டத்தில் 'ஜன்னலோர இருக்கை கேட்கிறார்' என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாருக்குச் சைகை காட்டப் போகிறார் என்று அவரை இரண்டு நாள் குடைந்தார்கள். 'இடது காது கேட்காது' என்றிருந்த ஒருவரை, கேட்காத மாதிரி நடிப்பவர் என்று முடிவுகட்டினார்கள்.

சந்தேகம் என்பது ஒட்டுவாரொட்டி. சேஷாத்ரிக்கே சந்தீப்மேல் சந்தேகம் வந்தது. தினமும் டிபன் டப்பாவில் சந்தேஷ் இனிப்புக் கொண்டுவந்து நீட்டுகிறாரே, முப்பது வருஷமாக நீட்டியவர்தான், ஆனால் இப்போது ஏன் நீட்டுகிறார்? சந்தீப்புக்கோ சேஷாத்ரி இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்தாரோ என்று. டாக்குரியாவில் தனியாக மோர் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது சேஷாத்ரிக்கும் அதே எண்ணம் வந்தது. ஒருவேளை நாம்தான் வேண்டுமென்றே செய்துவிட்டோமோ? எழுந்துபோய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். நம்பும்படியாக இல்லை.

நவம்பரில் பட்டாச்சார்யா எல்லோரையும் கூட்டிப் பேசினார். மாலை, மைக், பூங்கொத்து எல்லாம் உண்டு.

"நண்பர்களே! பட்டியலில் பிழை இருப்பதாகச் சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் தனிப்பட்ட முறையில் பரிசோதித்தேன். என் பெயர் சரியாக இருக்கிறது. என் இரத்த வகை சரியாக இருக்கிறது. என் பிறந்தநாள், அதை நீங்கள் கொண்டாடியதால் உங்களுக்கே தெரியும், சரியாக இருக்கிறது. காலி வரிக்குக் கீழே இருப்பவர்களைப் பொறுத்தவரை, இங்கே வந்த பதினோரு மாதத்தில் உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஆகவே, இவை உங்கள் பெயர்கள் அல்ல என்று சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை."

கைதட்டினார்கள். தட்டாதவர்களைக் காவலாளி குறித்துக்கொண்டார்.

"ஒரு மனிதரின் பெயரைவிட அவர் இரத்தம்தான் வாரியத்துக்கு முக்கியம்" என்று தொடர்ந்தார். "இருந்தாலும் கமிட்டி ஒன்று ஆராய்ந்தது. இந்தக் குழப்பம் ஏன் வந்தது? அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் நடுவே இடைவெளி போதவில்லை! ஆகவே இனி மரியாதை வரி இரண்டு."

சேஷாத்ரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

டிசம்பர் பிறந்தது. இடமாற்றப் பிரிவு 'குறிப்பு' பத்தியைப் பார்த்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் நேரே 'ஐயம் ஏதுமில்லை' என்றிருந்தது. கண்காணிப்புப் பிரிவு எப்போதோ கொடுத்த பழைய கருத்து. ஐயம் ஏதுமில்லை என்றால் கோரிக்கையும் ஏதுமில்லை. அந்த வருஷம் யாரும் எங்கும் போக விரும்பவில்லை என்று குறித்துவிட்டுப் பிரிவு கோப்பை மூடியது.

அன்று மாலை சேஷாத்ரி கோமதியிடம் போனில் சொன்னார். "சரின்னா. வாட்ச்மேன் லீவு. இன்னிக்கு பிரெட் சாப்பிட்டுக்கறேன்" என்றாள். அவர் போனை வைத்துவிட்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை, வெட்கமில்லாமல் அழுதார்.

மறுவாரம்தான் அந்த ஆணை வந்தது. சென்னைக் கிளை அனுபவமுள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தது. பட்டாச்சார்யா பணியில் சேர்ந்த தேதிப்படி ஆக மூத்தவரைத் தேடச் சொன்னார். 1966-ல் சேர்ந்த ஒருவர் கிடைத்தார். ஏறக்குறைய அறுபது வருஷ அனுபவம்! பட்டாச்சார்யா நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்: 'திரு. ஓ பாசிட்டிவ் உடனடியாகச் சென்னைக்கு மாற்றப்படுகிறார்.'

1966-ல் சேர்ந்தவர், அதாவது பிறந்தவர், சந்தீப்.

சந்தீப் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார். "சென்னையா? நான் அங்க போய் என்ன பண்ணுவேன்? மீன்கூட வேற ஊர் மீனா இருக்குமே! முறையிடலாம்னா, சந்தீப்னு யாருமே இல்லைங்கறான்."

சேஷாத்ரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில், அது கண்காணிப்புப் பிரிவு விரித்த வலையோ என்று இன்னொரு எண்ணமும் வந்தது. சந்தீப்பின் கண்ணீரை உற்றுப் பார்த்தார். மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுக நடிக்கக்கூடிய ஆள் வாரியத்தில் கிடையாது.

"சந்தீப்தா" என்றார் மெல்ல, வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்து. "உங்க பேர் என்ன?"

"கிண்டலா பண்றே? ஓ பாசிட்டிவ்."

"என் பேரும் அதுதான். ஆணையில ஓ பாசிட்டிவ் போகணும்னுதான் இருக்கு. எந்த ஓ பாசிட்டிவ்னு இல்லை. காவலாளிக்கு ஒரு ஓ பாசிட்டிவ் இங்க உக்காந்திருக்கணும். எதுன்னு அவருக்கும் தெரியாது."

சந்தீப் அழுகையை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதை நீ முதல்லேயே யோசிச்சுத்தான் அந்த ஷீட்டைக் கலைச்சியா?"

"சத்தியமா இல்லை."

"என்னால நம்ப முடியலை. ஆனா ஆணையை எடுத்துக்கோ." கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "உன் ஜன்னலோர ஸீட்டு எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான்."

சந்தீப் ஆறு வருஷமாகக் கேட்ட ஜன்னல்.

ஹவுராவில் ரயில் கிளம்புகிறவரை சேஷாத்ரிக்கு உயிர் உயிராக இல்லை. எதிர் பெஞ்சில் ஆனந்தமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படித்தது சரியாகப் படவில்லை. வாழைப்பழம் விற்றவன் ஏன் இரண்டுமுறை வந்தான்? கரக்பூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார். சேஷாத்ரி டிக்கெட்டைத் தன் சொந்தப் பெயரில் எடுத்திருந்தார்; அந்தத் துணிச்சல் எப்படி வந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

"சேஷாத்ரி?" என்றார் பரிசோதகர், நேராக முகத்தைப் பார்த்து.

மூன்று மாதத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் அவரை அந்தப் பெயர் சொல்லி அழைத்தது அப்போதுதான். "ஆமாம் சார். நான்தான். நானேதான்" என்றார். பரிசோதகர் சந்தேகத்தோடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

சென்னைக் கிளையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆணையில் ஓ பாசிட்டிவ் என்றிருந்தது, அட்டையில் ஓ பாசிட்டிவ் என்றிருந்தது, கையெழுத்தும் ஓ பாசிட்டிவ் என்றே போட்டார். மூன்றும் பொருந்தின. இவ்வளவு பொருத்தமான ஆளை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. சமையலறையில் குக்கர் நாலாவது விசிலை ஊதி அடங்கியிருந்தது. சந்தீப் போன் செய்தார்.

"அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆகணும். முடியாதாம். சேர்ந்த அன்னிக்கே ரிட்டயர் ஆனவனுக்கு மறுபடி எப்படிக் கொடுக்கறதுங்கறான். நானும் சரின்னுட்டேன். ஜன்னல் நல்லா இருக்கு. டிராம் தெரியறது."

"காவலாளி?"

"வாசல்லயே இருக்கான். வெங்கடநாராயணன் இன்னிக்கு வந்தார். குனிஞ்ச தலை நிமிராம என் மேஜை முன்னால நின்னு, 'ஓ பாசிட்டிவ்?'னு கேட்டார். 'ஆமா'ன்னேன். வாராந்திர அறிக்கையில எழுதிக்கிட்டார். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, படிக்கட்டுமா?"

"ஏன்னா!" என்று உள்ளேயிருந்து கோமதி குரல் கொடுத்தாள். "மூடி!"

சேஷாத்ரி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு கையாலும் குக்கரைப் பிடித்து மூடியைத் திருகித் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே சாதம்தான்.

"படிங்க சந்தீப்தா."

"'சென்னைக்குப் போக விரும்பும் ஓ பாசிட்டிவ் தீவிரக் கண்காணிப்பில் இருக்கிறார். இந்த வாரமும் அவர் சென்னைக்குப் போகவில்லை.'"